பாதித் திடலில் நெல்லு, பாதித் திடலில் நாங்கள்

பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறவருக்கு எதிரணியைச் சமாளிப்பது சுலபம், ஊரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பரந்தனுக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு மகளிர் கல்லூரியில் எனக்கு அந்த வேலை. விசிலும் கையுமாக வெயிலில் காய்கிற சக பாவிகளே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

காயப்போட நல்ல இடம்

எங்கள் திடலுக்குச் சீமெந்து போட்டவர்கள் புண்ணியவான்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு அகலமான சீமெந்துத் தரை வேறு கிடையாது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. அறுவடை தொடங்கினால் போதும், சிவலிங்கண்ணை நெல்லு மூட்டைகளோடு வந்து இறங்கிவிடுவார். அவருடைய மகள் தாரணி என் அணியில் ஆடுகிறாள், ஆகவே முகத்தை முறிக்கவும் முடியாது. பாதித் திடல் அவருக்கு, பாதி எங்களுக்கு என்று பேசி முடித்தோம். நெல்லுக்குள் பந்து விழும்போதெல்லாம், வீட்டிலிருந்து கொண்டுவந்த கதிரையை விட்டு எழும்பி வந்து, சிதறியதைக் காலால் கூட்டுவார்.

போன அறுவடைக்கு அவருக்கு முழுத் திடலும் தேவைப்பட்டது. நேரே கல்லூரி அதிபரிடம் போய்க் கேட்டுவிட்டார். நாங்கள் அதுவரை ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை என்பது அதிபருக்கு நன்றாகவே தெரியும். என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது இதுதான்: "ரீச்சர், இந்தமுறை ஒரு மட்ச் எண்டாலும் வெல்லுங்கோ, முழுத் திடலும் உங்களுக்கு. தோத்தால் நெல்லாவது காயட்டும்."

நிற்கும் கால்

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சின்ன வயதில் வலைப்பந்து ஆடி வந்தவர்கள். அதில் பந்து கைக்கு வந்தால் நின்றுவிட வேண்டும், பந்தோடு ஓடினால் பிழை. கூடைப்பந்தில் தட்டிக்கொண்டு ஓடலாம் என்று தொண்டை வற்றக் கத்திப் பார்த்தேன். மற்றவர்கள் எப்படியோ ஓடப் பழகிவிட்டார்கள். தாரணி மட்டும் பந்து கைக்கு வந்ததும் ஆணி அடித்தமாதிரி நின்றாள்.

"ஏன் பிள்ளை ஓடுறாயில்லை?"

"ஓடினால் விசில் ஊதுவினம் ரீச்சர்."

"விசில் என்ர கையிலயெல்லோ கிடக்கு!"

"அதுதான் ரீச்சர் பயமாக் கிடக்கு."

விழுந்தது விழுந்ததுதான்

இதற்கிடையில் வளையத்தில் கட்டியிருந்த வலை இற்றுப்போனது. புதிது வாங்க வவுனியாவுக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த மீன்பிடிகாரர் ஒருவர் முல்லைத்தீவில் இருக்கிறார். கேட்டவுடன் நைலோன் நூலில் ஒன்று பின்னி, தானே கொண்டுவந்து கட்டியும் விட்டார். பின்னல் அவ்வளவு அழகு. தாரணி எறிந்த முதல் பந்து நேரே உள்ளே போனது. வெளியே வரவில்லை. மனிசன் அடிப்பக்கத்தைச் சேர்த்து முடிந்திருந்தார்! ஏணி வைத்துத்தான் பந்தை எடுத்தோம். நாங்கள் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "வலையெண்டால் பிடிச்சு வைக்கத்தானே ரீச்சர் வேணும்? விடுறதுக்கு எதுக்கு வலை?"

எறி பிள்ளை

ஆட்டம் கிளிநொச்சியில். பெற்றோரில் ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்றார் அதிபர். வந்தவர் சிவலிங்கண்ணை. நாங்கள் தோற்றால் திடல் அவருக்கு, ஆகவே மிகவும் உற்சாகமாக வந்தார். நான் பிள்ளைகளிடம், "மற்றப் பாதியில நெல்லில்லை, பயப்படாமல் ஓடுங்கோ" என்று சொல்லித்தான் இறக்கினேன். பாதித் திடலிலேயே பழகிய கால்கள் அல்லவா!

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னுக்கு நிற்கிறோம். வளையத்துக்குப் பக்கத்தில் தாரணியின் கைக்குப் பந்து வந்தது. வழக்கம்போல நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவள் ஓடுவாள் என்று நம்பி மறிக்கப் பாய்ந்த எதிரணிப் பிள்ளை, பாய்ந்த வேகத்தில் கோட்டுக்கு வெளியே போய்விட்டாள். தாரணி தனியே நிற்கிறாள். பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது: "எறி பிள்ளை, எறி!" எறிந்தாள். விழுந்தது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள். அழுதுகொண்டே பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தேன்.

அடுத்த நாள் காலை திடலுக்குப் போனேன். சிவலிங்கண்ணை தன் பாதியிலிருந்த நெல்லைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். சாக்கின் வாயைப் பிடித்துக்கொடுத்தேன். நிமிராமலே சொன்னார்: "எறி எண்டு கத்தின என்ர வாயைத்தான் ரீச்சர் அடிக்கவேணும்."

இத்தனை வருடத்தில் நாங்கள் வென்ற ஒரே ஆட்டத்தை வென்று தந்தவை நான் திருத்த முடியாமல் விட்ட ஒரு பிழையும் நெல்லுக்காரர் ஒருவரின் வாயும்தான் என்பதை, தயவுசெய்து எங்கள் அதிபரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.