மஞ்சள் புள்ளி

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. பாட்டு முடிந்ததும், ஆண்டவர் அந்த வாரம் செய்த நன்மையை எழுந்து சொல்ல வேண்டும். காய்ச்சல் போனது, மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, பெண்ணுக்கு வரன் அமைந்தது. எல்லாச் சாட்சியும் நன்றாகத்தான் முடியும். நன்றாக முடியாதவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அதில் எனக்கு எரிச்சல். அப்படிப்பட்ட நான்தான், ஒரகடத்துக் கம்பெனியில் என் ஒப்பந்தக் காலம் முடியப்போகிற நேரத்தில் எழுந்து நின்று, "என் வேலை பர்மனன்ட் ஆவணும், எல்லாரும் ஜெபிச்சிக்கோங்க. ஆச்சின்னா இங்கயே சாட்சி சொல்றேன்" என்று பொருத்தனை செய்துவிட்டேன். அப்பா இல்லாத வீடு. அம்மா தண்டலத்தில் ஒரு கல்லூரி விடுதியில் பாத்திரம் கழுவிக் கழுவி, முதுகை நிமிர்த்த முடியாமல் இருந்தாள். எனக்கு நிரந்தரமானால் அம்மா வேலையை விட்டுவிடலாம். சபையே எனக்காக ஜெபித்தது.

கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி அது. சட்டத்தின் போல்ட்டுகளை, இறுக்கம் அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதிப்பது என் வேலை. இறுக்கம் சரியாக இருந்தால் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும். சொன்னதும் போல்ட்டின் தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி. சோதிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், எனக்கு மஞ்சள். மஞ்சள் புள்ளி இருந்தால் நான் பார்த்துவிட்டேன், நம்பி ஏற்றலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

பக்கத்து மேஜையில் வெல்டிங் பார்ப்பவளுக்கு நீலம். தென்காசிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவளும் நிரந்தரத்துக்குக் காத்திருந்தவள்தான். திருநீறு பூசாமல் ஷிஃப்டுக்கு வரமாட்டாள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபைக்கு வந்து, பிரசங்கம் முழுவதும் தூங்கி, பிரியாணிக்கு மட்டும் கண் விழித்தவள். சோதனையில் நிலைத்து நிற்பவர்களுக்குப் பரலோகத்தில் கிடைக்கிற ஜீவகிரீடத்தைப் பற்றிப் பாஸ்டர் பேசியது மட்டும் அவள் காதில் எப்படியோ விழுந்திருந்தது. "ஏட்டி, மேல போனா கிரீடம் தருவாவளாமே, தலைக்கு அளவு எடுத்தாச்சா?" என்று சாப்பாட்டு நேரத்தில் வம்புக்கு இழுப்பாள். எனக்கு எல்லாரிடமும் மூக்குக்கு மேல் கோபம் வரும், அவளிடம் மட்டும் வந்ததே இல்லை.

அன்று பகல் ஷிஃப்ட் முடியப்போகிற சமயத்தில் என் ரெஞ்ச் மக்கர் செய்தது. எவ்வளவு முறுக்கியும் 'டிக்' வரவில்லை. பக்கத்து ஷெட்டில் இன்னொன்று இருந்தது, ஆனால் அங்கே வேலை முடிந்தால்தான் கொடுப்பார்கள். அதற்குள் கார் கம்பெனிக்குப் போகவேண்டிய லாரி வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. லைன் லீடர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, வண்டி நின்னுகினு கீது. புள்ளிய வெச்சி அனுப்பு."

"ரெஞ்ச் வேலை செய்யலண்ணா. நான் இன்னும் பாக்கவே இல்ல."

"மெஷின் இறுக்கினதுதான? இத்தினி நாள்ல ஒண்ணாவது லூஸா வந்துகீதா?"

வந்ததில்லைதான். நான் ரெஞ்சை மறுபடி முறுக்கிப் பார்த்தேன்.

"நாளிக்கு பர்மனன்ட்டுக்குப் பேரு குடுக்கணும். உன் பேரும் கீது. டீ குட்சிட்டு வர்றேன், அதுக்குள்ள முடிச்சி வையி."

நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன். அந்தக் கம்பெனியில் தனியாக ஜெபிக்க வேறு இடம் கிடையாது. வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. 'ஆண்டவரே, அந்தக் கிரீடத்தை நீரே வைத்துக்கொள்ளும். எனக்கு இந்த வேலை போதும்' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இப்படியெல்லாம் வசனம் பேசினாலும் அந்தப் புள்ளியை என்னால் வைக்க முடியாது என்று எனக்கே தெரிந்தது. அம்மாவின் முதுகை நினைத்து அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, முடியாது என்று சொல்லிவிடும் முடிவோடு வெளியே வந்தேன்.

என் மேஜை காலியாக இருந்தது. சட்டங்கள் தள்ளுவண்டியில் அடுக்கப்பட்டு, எல்லா போல்ட்டிலும் மஞ்சள் புள்ளி ஈரத்தோடு மின்னியது. பக்கத்து மேஜைக்காரி என் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி முழிக்க? நீ கையே வைக்கலல்லா. நான்தான் வச்சேன். பாவமெல்லாம் எனக்கு. நீ பேசாம இரு."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆண்டவர் வழியைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன். மனதுக்குள் ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன். என் கை சுத்தம், வேலையும் போகாது, அம்மாவும் ஓய்வெடுக்கலாம். இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

தள்ளுவண்டி நகர ஆரம்பித்தது. அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவமெல்லாம் எனக்கு என்றாளே! என் பாவத்தைச் சுமக்க ஒருவர் வந்தார், அவர் போதும் என்று பேச்சு வந்த நாளிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறேன். இப்போது அதே பாவத்தை இந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, நான் மட்டும் வெள்ளை உடுப்போடு மேலே போகப் பார்க்கிறேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில், பெயிண்டை அழிக்கிற தின்னரில் நனைத்த துணியை எடுத்துக்கொண்டு தள்ளுவண்டிக்குப் பின்னால் ஓடினேன்.

லாரிக்குப் பக்கத்தில் வண்டியை மறித்து ஒவ்வொரு புள்ளியாக அழித்தேன். டிரைவர் கத்தினார். லைன் லீடர் டீயைப் பாதியில் விட்டு வந்து துணியைப் பிடுங்கப் பார்த்தார். சத்தம் கேட்டு மேனேஜரும் இறங்கி வந்துவிட்டார். இதெல்லாம் சோதிக்காத போல்ட் என்று அவரிடம் சொன்னேன்.

"பார்க்காத போல்ட்டுக்கு யார் புள்ளி வெச்சது?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். அது அவ கலரு" என்றார் லைன் லீடர்.

"நீ வெச்சியா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

அவள் ஷெட் வாசலில் முகம் வெளுத்து நின்றாள். இல்லை என்றால் அடுத்த கேள்வி அவளுக்கு. ஆமாம் என்றால் பொய்.

"அத நான் சொல்ல மாட்டேன் சார். பாக்காத போல்ட் மேல என் கலரு இருந்துச்சி, அழிச்சிட்டேன்."

பக்கத்து ஷெட் ரெஞ்சை வாங்கி வந்து எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒவ்வொன்றும் 'டிக்' என்றது. ஒரு போல்ட்கூடத் தளர்ந்திருக்கவில்லை. ஒன்றாவது கழன்று வரக்கூடாதா என்று நான் ஏங்கியதை மறைப்பானேன்? மேனேஜர் என் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

கேட்டுக்கு வெளியே அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "யாருட்டி உன்ன அழிக்கச் சொன்னா? எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு? உனக்காவத்தான வச்சேன்!" என்று நடுரோட்டில் கத்திவிட்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறிப்போனாள். அதன்பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. அவளுக்கு நிரந்தரமான செய்தி வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் பாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சபையே திரும்பிப் பார்த்தது. அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், உட்கார் என்று. நான் எழுந்தேன்.

"எனக்கு வேலை போயிடுச்சி. நடந்தது தப்புன்னு தடுத்தேன். தடுத்திருக்காட்டியும் யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. எனக்கு ஆண்டவர் மேல வருத்தமாத்தான் கீது. ஆனா அவர விட மாட்டேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. திருநீற்று நெற்றியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். சாட்சி நேரம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்லவேண்டும் என்று நினைத்துவிட்டாள் போல.

"புள்ளிய வச்சது இவ இல்ல. நான்தான்" என்றாள். பழக்கதோஷத்தில் சபை முழுவதும் சத்தமாக "ஆமென்" என்றது.

வெளியே வந்ததும், நாளை மேனேஜரிடமும் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். நான் பதறிப்போனேன். "உனக்கு இன்னா பைத்தியமா? உன் வேலையும் பூடும். வூட்ல உன்ன நம்பிகினு இருக்காங்க" என்று திட்டினேன்.

"நீ மேல போய்க் கிரீடம் வாங்கிக்கிடுவ. எனக்கு இங்க உறக்கம் வர வேண்டாமா?"



மறுநாள் கம்பெனி கேட்டுக்கு எதிரே, டீக்கடை ஓரமாக அவளுக்காக நின்றேன். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்வந்தன. ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. சின்னக் கதவு திறந்து அவள் தனியாக வெளியே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. என்னைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

நீரே வைத்துக்கொள்ளும் என்று கழிவறையில் நின்று நான் தள்ளிவிட்ட கிரீடத்தை, அங்கே ரோட்டோரத்தில் நின்று ஆண்டவரிடம் திரும்பக் கேட்டேன். எனக்கு இல்லை, இவளுக்கு என்றேன்.