கீழே இறங்கிய பிள்ளையார்

இரண்டாயிரத்து ஒன்பதில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் குட்மேய்ஸ் வீட்டில், பிடித்த இணையப் பக்கங்களை நானே திறந்து பார்க்கிற அளவுக்கு வந்திருந்தேன். பிள்ளையார் பாட்டு, நாதஸ்வரம், ஆர்ச்வே முருகன் கோயில் தேர்ப்படங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும். ஆனாலும் ஒருவரையும் கேட்டு நிற்கவில்லை.

அந்தப் பக்கங்களின் முகவரிகளை நான் சேர்த்து வைத்திருந்த இணையத்தளம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டது. ஒரு பாட்டுக்கும் மகனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அது என் குணத்துக்கு ஒத்துவரவில்லை.

மகன் படிக்கட்டுக்குக் கீழுள்ள அலுமாரியில் ஒரு பழைய கணினியை வைத்தான்.

"இனி எல்லாம் எங்கட வீட்டுக்குள்ளதான் அம்மா. ஆரும் பூட்டிக்கொண்டு போக ஏலாது."

பக்கங்களைச் சேர்த்து வைக்கிற மென்பொருள் இரண்டை அதில் ஏற்றினான்.

"ரெண்டும் சும்மா கிடைச்சது. ஆரும் உள்ளுக்குத் திறந்து தங்களுக்கேத்த மாதிரி மாத்தலாம். பாவிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ, ஒண்டைத்தான் வைக்கப்போறன்."

ஒன்றில் எல்லாம் எழுத்து. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். மற்றதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் சின்னப் படம். எனக்குப் படம்தான் வசதி. எதையும் பிள்ளையாரில் தொடங்குகிறவள் நான். அவர் பாட்டைத்தான் முதலில் சேர்த்தேன். பிறகு தேர். பார்த்தால், தேர் மேலே, பிள்ளையார் கீழே! அவரை இன்னொரு தரம் சேர்த்தேன், மேலே வந்தார். நாதஸ்வரம் சேர்த்தேன், மறுபடி இறங்கினார். நானும் விடவில்லை.

சனிக்கிழமை மகன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதென்னம்மா, பக்கம் முழுக்கப் பிள்ளையார்!"

"அவர் ஏன் கீழ போறார்? அதைச் சொல்லு."

"புதுசுதான் மேல நிக்கும். அப்ப மற்றதை வைப்பம்."

"அதை வாசிச்சு முடிக்க எனக்குப் பொழுதுபட்டிடும். படமும் வேணும், பிள்ளையாரும் மேல இருக்கவேணும்."

"அப்பிடி ஒண்டு இல்லையம்மா."

தேநீரோடு வந்த மருமகள் அவனைப் பார்த்து, "ஆரும் திறந்து மாத்தலாமெண்டு பெரிசாச் சொன்னனீங்கள். அந்த ஆரும் இந்த வீட்டில இல்லைப் போல," என்றாள்.

மகனுக்கு ரோசம் வந்துவிட்டது. அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்து, படம் காட்டுகிற மென்பொருளைத் திறந்து மாற்றத் தொடங்கினான். தேநீர் ஆறிப்போயிற்று.

பின்னேரம் கூப்பிட்டான். லூயிஷாம் கோயில் படத்தைச் சேர்த்துப் பார்த்தேன். பிள்ளையார் அசையவில்லை.

"மிச்சப் பிள்ளையாரை அழிக்கட்டே?"

"அழிக்கிறன் எண்டு சொல்லாத. எடுக்கிறன் எண்டு சொல்லு."

எழுத்து மட்டும் இருந்ததை அன்றைக்கே எடுத்துவிட்டோம். பிறகு மருமகளும் மகனும் தங்கள் பக்கங்களையும் இதிலேயே சேர்த்தார்கள். அவளுடைய சப்பாத்துக் கடைகளுக்கும் அவனுடைய பந்தாட்டத்துக்கும் மேலே பிள்ளையார் இருந்தார். ஒவ்வொரு காலையும் நானே அவரைத் திறந்தேன். மகன் நித்திரையில் கிடப்பான்.