பாகனின் முகம்

போனில் படம் வந்ததும் பாகனின் முகத்தைக் கட்டைவிரலால் மூடிவிட்டுத்தான் ரோசிலி மற்றதைப் பார்ப்பாள். யானையின் சங்கிலிப் புண், தரையில் ஊன்றாத கால், கண்ணோரத்து ஈரம். விரலை எடுக்காமலே, "முகத்தை வெட்டிட்டுப் போடு" என்பாள்.

திருச்சூரில் நைட்டி தைக்கும் கடை அவளுடையது. யானைகளுக்காகப் போராடும் குழுவின் முகநூல் பக்கத்தில் எது ஏறலாம், எது கூடாது என்று அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே தீர்மானிப்பாள். ரத்தம் கூடாது, கோயில் பெயர் கூடாது, பாட்டு கூடவே கூடாது. "வயலின் எதுக்கு மோனே? அடி வாங்குனது ஆனை. நீ ஏன் அழறே?" குழுவில் இளையவனான ஷிஜோ இதையெல்லாம் அவள் குரலிலேயே பேசிக்காட்டுவான். அவளும் சிரிப்பாள்.

பாகனின் முகம் ஏன் கூடாது என்பதை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அடிப்பவனுக்குப் பரிந்து பேசுவதாக நினைப்பார்கள் என்று பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷிஜோ அவளைக் கேட்காமல் ஒரு வீடியோவை ஏற்றிவிட்டான். கோபிக்குட்டன் என்ற யானையின் முன்காலில் பாகன் சுகுணன் கோலால் ஓங்கி அடிக்கிறான். முகம் பளிச்சென்று தெரிகிறது. ஊரே பார்த்தது. மறுநாளே யானையின் முதலாளி சுகுணனை வேலையைவிட்டு நிறுத்தினார். ஷிஜோ லட்டோடு கடைக்கு வந்தான்.

"ஜெயிச்சுட்டோம் சேச்சி."

ரோசிலி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இனி புதுப் பாகன் வருவான். அவன் பேச்சைக் கேக்குற வரைக்கும் ஆனையக் கட்டிப்போட்டு நாலு பேரு அடிப்பாங்க. பழக்குறதுன்னு அதுக்குப் பேரு. தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. லட்டுப் பெட்டியை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

அவனையும் கூட்டிக்கொண்டு முதலாளி ராகவ மேனோனின் தோப்புக்குப் போனாள். புது ஆட்கள் வந்திருந்தார்கள். கோபிக்குட்டனின் நான்கு கால்களுக்கும் வடம் தயாராகக் கிடந்தது. மேனோன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்தார்: "அவன் அடிக்கிறான்னு ஊரக் கூட்டுனது நீங்க. இப்ப அவனே வேணும்னு வந்து நிக்கிறதும் நீங்களா?"

"ஆமா, நாங்கதான். சுகுணனையே கூப்பிடுங்க."

வீடியோவை நீக்கினால் சுகுணன் வருவான் என்றார் மேனோன். ரோசிலி அவர் முன்னாலேயே அழித்தாள். குழுவின் பக்கத்துக்கு அத்தனை பேரைக் கொண்டுவந்த ஒரே வீடியோ அது. தோப்பில் நிற்கும்போதே, அவள் மேனோனிடம் காசு வாங்கிவிட்டாள் என்று குழுவில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஷிஜோ ஒவ்வொன்றாய் வாசித்தான், யார் குரலிலும் பேசிக்காட்டாமல்.

சாயங்காலம் சுகுணன் வந்தான். மேனோன் கைகாட்ட, புது ஆட்கள் வடத்தைச் சுருட்டிக்கொண்டு வண்டியேறினார்கள். கோபிக்குட்டன் துதிக்கையை நீட்டிச் சுகுணனின் தோளை மோந்தது. அவன் கையில் அதே கோல் இருந்தது.

ஷிஜோ பழக்கதோஷத்தில் போனை உயர்த்தினான். ரோசிலி அதன் கேமராவைக் கட்டைவிரலால் மூடினாள். மறு கையைச் சுகுணனிடம் நீட்டினாள், கோலைக் கேட்டு.