இல்லாத கெளுத்தி முள்

"ஏன் இப்படி விந்தி விந்தி நடக்குற?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஏழு வயதில், வலது முழங்கால் வீங்கியது. பழவேற்காட்டு ஏரியோரம் எங்கள் குப்பம். அங்கே பிள்ளைகள் நாங்கள் சேற்றில் தவழ்ந்து கையால் தடவி இறால் பிடிப்போம். கால் வீங்கினால் யாரும் யோசிப்பதில்லை. கெளுத்தி மீனின் முள் குத்தி உள்ளே ஒடிந்திருக்கும், அவ்வளவுதான். எதுவும் குத்தவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

முள் எடுப்பதில் குப்பத்திலேயே கைராசிக்காரர் என் நைனாதான். கெளுத்திக் குத்துக்குச் சூடுதான் மருந்து என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். காலையில் கட்டையாகக் கிடந்த கால் சூட்டில் கொஞ்சம் இளகியது. அதுவே வினையாகப் போயிற்று. "பாத்தியா, சூட்டுக்குக் கேக்குது. முள்ளேதான்" என்றார் அம்மாவிடம். முள் குத்திய காலை அசைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முழங்காலை மடக்கி, அடியில் பழைய வலையைச் சுருட்டி வைத்து, மாதக்கணக்கில் கிடத்தினார்கள். பிறகு ஒருநாள் சவரக் கத்தியை நெருப்பில் காய்ச்சிக் கீறினார். ரத்தம்தான் வந்தது.

கொஞ்ச நாளில் இடது முழங்காலும் வீங்கியது. நைனா மறுபடி கத்தியைத் தேடியதும் அம்மாவுக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

"அந்தக் கால்ல ஒரு முள்ளு, இந்தக் கால்ல ஒரு முள்ளா? கெளுத்தி இன்னா இவ மேல பகை வெச்சிருக்குதா? போதும்யா. பட்டணத்துக்கு இட்டுனு போ."

நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறினார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா முழங்காலில் ஊசி குத்தி மஞ்சள் நீர் எடுத்தார். குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்றார்.

"முள்ளு எங்கம்மா கீது?" என்றார் நைனா.

"முள்ளே இல்லைங்க. ரத்தத்துல வெள்ளை அணுக்கள் காவல் காக்குது. வெளியிலிருந்து எது வந்தாலும் அடிக்கிறது அதுங்க வேலை. இவ மூட்டுக்குள்ள எதுவும் வரல. ஆனா வந்துடுச்சுன்னு ஒண்ணு கூச்சல் போடுது. அதைக் கேட்டு வேற வகை ஓடி வருது. அது இன்னும் நாலைக் கூப்பிடுது. கூட்டம் சேர்ந்து மூட்டையே அடிக்குது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல."

"இல்லாத முள்ளுக்கா இவ்ளோ கலாட்டா?"

"ஆமாங்க."

அட கடவுளே, என் ரத்தத்துக்கும் என் குப்பத்துக்கும் ஒரே புத்தி! இதற்குச் சிரிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. மடக்கியே வைத்ததில் மூட்டு இறுகிவிட்டது, தினமும் நீட்டாவிட்டால் இவள் நடக்கவே மாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னபோது, நைனாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு தினமும் மாத்திரை. ஏரிக்குப் போகும் முன் நைனா வெந்நீர் ஊற்றிக் காலைப் பிடித்து நீட்டுவார். நான் கடிப்பேன், வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "திட்டிக்கோம்மா, கால மட்டும் குடு" என்பார். வருஷக்கணக்கில் இதே பாடு. எனக்கும் சலித்தது, அவருக்கும் சலித்தது. இடது கால் நிமிர்ந்தது. கீறிய வலது கால் கடைசிவரை முழுதாக நிமிரவில்லை. ஆனாலும் நடந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நைனா படுத்த படுக்கையானார். நினைவு வந்து வந்து போகும். ஒருநாள் கஞ்சி கொடுக்க அருகே உட்கார்ந்தபோது அவர் கை என் வலது முழங்காலைத் தடவியது. கட்டைவிரல் தழும்பைத் தேடி அழுத்தியது.

"உள்ளதான் கீதும்மா. எட்த்துட்டா சரியாப்பூடும்."

அன்று காலையிலிருந்தே எனக்கு வலி உயிர் போனது.

"அன்னிக்கே எட்த்துட்டியே நைனா" என்றேன்.

"எம்மாம் பெருசு?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விரலால் அளவு காட்டினேன். நல்ல பெரிய முள்ளாகவே காட்டினேன்.