இருபத்துமூன்று வீட்டுக் காவல்

போன வாரம் கல்கத்தா கரியாஹாட் நடைபாதையில் ஒரு பழக்காரர் என்னைப் பார்த்து, "மாஷிமா, டார்ஜிலிங் கமலா! தேன் மாதிரி இருக்கும்" என்று கூவினார். மாஷிமா என்றால் சித்தி, கமலா என்றால் ஆரஞ்சு. ஒன்றை உரித்துச் சுளையையும் நீட்டினார். வாயில் போட்டதுமே தெரிந்துவிட்டது, டார்ஜிலிங்காவது மண்ணாவது, எங்கேயோ சமவெளியில் காய்த்த ஆரஞ்சு. பொய் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். அவர் கூவியதில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை விரலில் தோல் வாசனை போகவில்லை.

அந்த வாசனைக்கு என்னிடம் ஒரு பழைய கணக்கு தீராமல் இருக்கிறது. சியால்தா ஸ்டேஷனில் ஒரு மலைக்காரர் என் கையில் திணித்த கித்தான் பையில் இதே வாசனைதான் இருந்தது, இதைவிட நாலு மடங்கு தூக்கலாக. ஆனால் அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், எனக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மலை என்று நான் பார்த்ததெல்லாம் யார்டில் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியல்தான். அதில் ஏறினாலும் அப்பா திட்டுவார்.

அலிப்பூரில் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். சீனியாரிட்டி லிஸ்ட் டைப் அடிப்பது என் வேலை. யார் யாருக்கு மூத்தவர், யார் யாருக்குக் கீழே என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அடித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து மேஜை பாதல்-தா, அதாவது பாதல் அண்ணன், ஒரு மலையேற்றக் கிளப்பின் செயலாளர். அங்கத்தினர்கள் எல்லோரும் கல்கத்தா வங்காளிகள். துர்கா பூஜை லீவு விட்டால் மலைக்கு ஓடுவதற்காக ஆகஸ்ட் மாதமே காதை மூடும் மங்கி குல்லாயை வெயிலில் காயப்போடுகிற ஜாதி. "உனக்கு டைப் தெரியும், வா" என்று பாதல்-தா என்னையும் அதில் சேர்த்துவிட்டார். கிளப்பில் மலையே ஏறாத ஒரே ஆள் நான்தான்.

வருஷா வருஷம் குளிர்காலத்தில், மலையையும் மலை ஜனங்களையும் காப்பாற்றுகிற ஒருவரை வரவழைத்துக் கௌரவிப்பார்கள். சால்வை, பூச்செண்டு, ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு, அப்புறம் அழகான கையெழுத்தில் எழுதிக் கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம். எனக்கு அந்த விழா ரொம்பப் பிடிக்கும். இப்போது கிண்டல் செய்கிறேன், அப்போது கண் கலங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் மலைக்குப் போய்வந்த ஒருவர் ஒரு சேதி கொண்டுவந்தார். காலிம்போங்குக்கு மேலே ஒரு கிராமம். ஊரை ஒட்டி ஓடை. மழைக்காலம் முழுக்க ஓடைக்கரைப் பாறையில் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாராம். கொட்டுகிற மழையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் ஆபத்து. மேலே மண் சரிந்து ஓடையை அடைத்துக்கொண்டிருக்கிறது, எந்த நிமிஷமும் உடைத்துக்கொண்டு வரும் என்று அர்த்தம். உடனே தகர டப்பாவைத் தட்டுவார், ஊர் மேட்டுக்கு ஓடிவிடும். மழை இல்லாத நாளில் சும்மா இருக்காமல் கரையில் மூங்கில் நட்டு வைப்பார்.

"அந்த ஆளைத்தான் கூப்பிடணும்" என்று பாதல்-தா குதித்தார்.

காவல் காப்பவர் பெயரை அனுப்பவும் என்று நான் அந்த ஊருக்குக் கடிதம் போட்டேன். பதிலாக ஒரு நோட்டுத் தாள் வந்தது. பென்சிலில் இருபத்துமூன்று பெயர்கள், வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் யோசிக்கவே இல்லை. லிஸ்ட் என்றால் முதல் பெயர்தானே மூத்தவர்? எங்கள் ஆபீஸில் யாரிடம் கொடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். முதல் பெயரான தன்பகதூரைப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தன்பகதூர் சியால்தாவில் வந்து இறங்கினார், இறங்கியதுமே அந்த ஆரஞ்சுப் பையை என் கையில் திணித்தார். ஐம்பது வயது இருக்கும். இரவல் கோட்டு, தோளில் தொங்கிக்கொண்டு நின்றது. அவர்கள் ஊரில் அண்ணனை தாஜு என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்; அவர் என்னை திதி, அதாவது அக்கா, என்றார். ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தோம். பாதி ஹிந்தி, பாதி வங்காளியில்தான் பேச்சு.

"திதி, என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நீங்கதானே தாஜு முதல் ஆள்?"

கோட்டு குலுங்கச் சிரித்தார். "உங்க லெட்டர் வந்த அன்னிக்கு என் வீட்டு முறை. அதான் என் பேர்ல ஆரம்பிச்சு எழுதினோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு, அப்படியே சுத்தி வரும். டப்பா யார் வீட்டு வாசல்ல இருக்கோ, அன்னிக்கு அவங்க."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நான் ஒருத்தன் சால்வை போத்திக்கிட்டுப் போனா, 'அப்ப இனிமே நீயே உக்காரு'ன்னுடுவாங்க திதி. எல்லாரும் பாக்கற ஓடை அது. ஒருத்தனால ஆகாது."

ஓடிப்போய் பாதல்-தாவிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கியவர். "ஹால் சொல்லியாச்சு, பத்திரம் எழுதியாச்சு. எல்லார் சார்பாவும் அவர் வாங்கிக்கட்டுமே, என்ன தப்பு?" என்றார். எனக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. தன்பகதூர் சொன்னதும் சரி, பாதல்-தா சொன்னதும் சரி. இருதலைக்கொள்ளி எறும்பாக நின்றுவிட்டு, கடைசியில் கூட வேலை பார்க்கிறவர் பக்கம் சாய்ந்தேன். தன்பகதூரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தது நான்தான். வேறு யார் தலையிலும் அதைப் போட முடியாது.

மேடையில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். மைக்கில் இருபத்துமூன்று பெயரையும் சொல்ல வேண்டும். ஆரம்பித்தார், நிதானமாக, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு விட்டு. ஆறாவது பெயரில் மூச்சு விட்டபோது, முடிந்துவிட்டது என்று நினைத்துச் சபை கைதட்டியது. போதும் என்கிறார்கள் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் தட்டியது நானாகக்கூட இருக்கலாம். எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் டப்பாவைக் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்தார்களாம். 'காவல்காரன் நீதான்னு கல்கத்தாவுலயே எழுதிக் கொடுத்துட்டாங்களே' என்று சொன்னார்களாம். மறுநாளும் டப்பா அங்கேதான் இருந்தது. அப்புறம் அது நகரவே இல்லை. தினமும் அவர்தான் உட்காருகிறார், இருமல் வந்துவிட்டது. 'விருது ஊருக்கே கொடுத்தது என்று ஒரு காகிதம் அனுப்புங்கள் திதி, படித்துக் காட்டிவிடுகிறேன்' என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கே டைப் அடித்துவிட்டேன். செயற்குழு ஒப்புக்கொள்ளாமல் கையெழுத்துப் போட முடியாது என்றார் பாதல்-தா. செயற்குழுவைக் கூட்டுவதற்குள் பூஜை வந்துவிட்டது. எல்லோரும் மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். நானாவது கையெழுத்தில்லாமல் அனுப்பியிருக்கலாம். முத்திரை இல்லாத காகிதம் செல்லாது என்று நினைக்கிற புத்தி எனக்கு. குளிர் தொடங்கியபிறகுதான் கையெழுத்து ஆனது.

பதில் வந்தது. 'காகிதம் கிடைத்தது, நல்ல காகிதம். ஆனால் பூஜை முடிந்த கையோடு பெய்த மழையில் ஓடை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். பாறையில் ஆள் இல்லை. என் வீடு மேட்டில். மற்றவர்கள் சந்தைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பியது. வீடுகள் இல்லை. எல்லோரும் சிலிகுரிப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதை யாருக்குப் படித்துக் காட்டுவது திதி?'

அந்த வருஷம் அங்கே மேலே ரோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேய்மழை வேறு. யார் உட்கார்ந்திருந்தாலும் சரிகிற மலை சரிந்துதான் இருக்கும் என்று பாதல்-தா கடைசிவரை சொன்னார். இருக்கலாம். ரோடு எவ்வளவு, மழை எவ்வளவு, நான் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகியும் குழப்பம்தான். இருபத்துமூன்று வீட்டுக்காரர்கள் ஒருவருக்காக ஒருவர் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பாராட்டத்தான் கூப்பிட்டோம். அடுத்த மழைக்கு அது இல்லை.