பஞ்சம்மாள் எடுக்க வைத்த பாலிசி

அருப்புக்கோட்டையில் தறிக்காரர்கள் தெருவுக்குள் தனுஷ்கோடியின் சைக்கிள் நுழைந்தால் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். அவர் செய்த குற்றம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்ததுதான். 'சாவுத் தரகர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடுமாம்! பேசாத வீடுகளுக்கு மட்டும் அது வராமலா இருந்தது?

அந்த மனிதரையே தேடிக்கொண்டு போனாள் பஞ்சம்மாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம். அடுத்த வீட்டு நெசவாளி செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அவருடைய அண்ணன் வந்து தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றினார். செத்தவரின் மனைவி, தாலியறுத்த சௌடேஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வழக்கந்தானே" என்றது தெரு. அந்த வழக்கத்தைத் தூக்கி அடுப்பில் வைக்க வேண்டும் போலிருந்தது பஞ்சம்மாளுக்கு. மறுநாள் ரேஷன் நூல் வாங்கும் டிப்போ வரிசையில் நாலு பேரிடம் விசாரித்து, ஏஜெண்டு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எட்டு வருசமா இந்தத் தொழில் பாக்குறேன் தாயி. என்னையத் தேடி வந்த மொத ஆளு நீதான்."

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுன்னா பணம் என் கைக்கு வருமா, அவுக அண்ணன் கைக்கா?"

"பாரத்துல யார் பேரை எழுதுறமோ அவுக கைக்கு."

"அப்ப சாயங்காலமே வாங்க."

கணவன் திம்மையா நல்ல மனிதன். மனைவி சொன்னால் மறுக்கத் தெரியாது. சாயங்காலம் வந்த ஏஜெண்டு கேட்டதும் வயது முப்பது என்று சொல்லி, அத்தாட்சிக்கு ஜாதகத்தை நீட்டினான். தனுஷ்கோடி அடுத்த கேள்விக்குப் போனார்.

"சின்ன வயசுல பெரிய சீக்கு ஏதும் உண்டா?"

"எனக்கா? ஊரையே வாரிக்கிட்டுப் போன விஷக் காய்ச்சல்லயே நான் தப்பிச்சவன். படுத்துக் கெடந்த எங்க அய்யாவுக்கு நாந்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன்!"

தனுஷ்கோடி பேனாவை மூடினார். "அது பதினெட்டாம் வருசம். இந்த ஜாதகப்படி உங்களுக்கு அப்ப ரெண்டு வயசு."

திம்மையா மனைவியின் காதில், வீட்டில் பேசும் கன்னடத்தில் கிசுகிசுத்தான்.

"தமிழ்லயே சொல்லுங்க. அவுகளுக்கும் தெரியட்டும்" என்றாள் அவள்.

அவன் தலையைச் சொறிந்தான். "நெச ஜாதகம் வேற இருக்கு. அதுல நாலு வயசு கூட. அதுப்படி எனக்கும் இவளுக்கும் பொருத்தமே இல்ல. கட்டுனா மூணு வருசத்துல என் உசுருக்குக் கண்டமாம். அதான் எங்க அய்யா புதுசா ஒண்ணு எழுதி வாங்கிட்டாரு."

"வயசு பொய்யின்னா நாளைக்குக் கம்பெனி தகராறு பண்ணும் தாயி. உன் பணந்தான் இழுபடும்," என்றார் தனுஷ்கோடி. "நெச ஜாதகத்தையே எடுக்கச் சொல்லு. எங்களுக்கு கிரகம் வேண்டாம், பொறந்த தேதி போதும்."

"வேண்டாம்யா," என்றான் திம்மையா. "மறைச்சு வச்சதாலதான் இத்தனை வருசம் தப்பிச்சேன். அதை வெளியில எடுத்தா கண்டம் வந்து சேரும்."

பஞ்சம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. "பன்னெண்டு வருசமா என்னைய எமன்னு நெனச்சுக்கிட்டா என் கையால தின்னீக? சரி, இப்பவும் அதை நம்புறீகளா?"

"கொஞ்சம்... பயமாத்தான் இருக்கு."

"அப்பச் சீக்கிரம் எடுத்துட்டு வந்து கையெழுத்தைப் போடுங்க!"

திம்மையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைக் குடைந்து, அடியில் கிடந்த பழைய ஜாதகத்தை எடுத்து வந்தான். கட்டணம் கொஞ்சம் கூடும் என்றார் தனுஷ்கோடி. கூடட்டும் என்றாள் அவள். அவர் முப்பத்துநாலு என்று எழுதினார். கீழே, பணம் பெற வேண்டியவர் என்ற இடத்தில், பஞ்சம்மாள், மனைவி என்று எழுதினார்.

"அந்த வரியைச் சத்தமா வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தார்.

"இன்னொருக்கா," என்றாள் பஞ்சம்மாள். "தெருவுக்குக் கேக்கட்டும்."