கைமரங்களுக்கு எண் போட்டவர்

செல்வராஜ் அண்ணன் போய்விட்டார் என்று வியாழக்கிழமை காலை அவர் மகள் போனில் சொன்னபோது நான் படிப்பகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜீவனஹள்ளியில் 'ஒடைக்கிற செல்வராஜ்' என்றால்தான் அவரைத் தெரியும். பழைய கட்டடங்களை இடித்துக் கொடுப்பது தொழில். ஒருமுறை பஸ்ஸில் கூடவே வந்தவர் ஜன்னல் வழியாகக் கைகாட்டிக்கொண்டே வந்தார். "அது நான் ஒடைச்சது மேடம். அந்த முக்கு பங்களாவும் நான்தான். என்னா தேக்கு தெரியுமா!" அது பெருமையா வருத்தமா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

நம் படிப்பகத்தை இடிக்கும் வேலையும் அவரிடம்தான் வந்தது. இடத்தை வாங்கியவர் அவசரப்பட்டார். நாம் தடையாணை கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருந்தோம். அதை அவரிடம் சொன்னேன். "வந்த வேலையச் செய்யறவன் நானு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் வேலை ஆரம்பித்த நான்காம் நாள் போய்ப் பார்த்தால் கூரையே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவருடைய ஆட்கள் முன்னாலேயே, "உங்களுக்கு மனசே இல்லையா?" என்று கத்தினேன்.

"சுவத்துல கை வச்சேனா மேடம்? வந்து பாருங்க" என்றார். நான் பார்க்காமலே வந்துவிட்டேன். அந்தக் கத்தலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பத்தாம் நாள் தடையாணை கிடைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடுகள் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கப்பட்டிருந்தன. ஓட்டைத் தாங்கிய கைமரம் ஒவ்வொன்றிலும் நீலப் பெயின்ட்டில் எண். வேலை செய்தவர்களில் ஒருவர் சிரித்தபடி சொன்னார்: "ரெண்டு நாள் வேலை மேடம், பத்து நாளா இழுத்தோம். எடம் வாங்கினவங்க மெஷின் அனுப்பறேன்னாங்க. பக்கத்து வூட்டுச் சுவரு வுழுந்துடும்னு அண்ணன் வேணாம்னுட்டாரு."

மழைக்காலம் தொடங்குமுன் அவரே ஆட்களோடு வந்து கூரையை மறுபடி ஏற்றினார். "கட்டினவன் கடைசியா வச்சத மொதல்ல எடுக்கணும் மேடம். அப்படி எடுத்தா திரும்ப வைக்கலாம்" என்றார்.

கேஸ் முடிந்து படிப்பகத்தை மறுபடி திறந்த அன்று வைத்த கல்லில் வக்கீல் பெயர் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. கேட் அருகே நின்றிருந்த அண்ணனிடம், "உங்க பேரும் போட்டிருக்கணும்" என்றேன். "ஒடைக்கிறவன் பேரு எதுக்கு மேடம், அபசகுனம்" என்று சிரித்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அண்ணா, அன்று சொல்லாததை இப்போது எல்லோரும் கேட்கச் சொல்கிறேன்: இந்தக் கட்டடம் நிற்பது உங்களால்.

போன மாதம் வார்னிஷ் அடிக்க வந்தவர்கள் அந்த எண்களைச் சுரண்டிவிடவா என்று கேட்டார்கள். தொடக் கூடாது என்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். படிப்பகத்துக்கு வரும்போது ஒருமுறை தலை நிமிர்ந்து பாருங்கள். பதினேழாம் எண் மட்டும் தலைகீழாக இருக்கும். அந்தக் கைமரத்தை ஏற்றும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. உள்ளே கொண்டுவந்து வைத்திருந்த புத்தகங்கள் நனைந்துவிடும் என்று அவர்தான் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.